ஆர்கனுக்கும் ஒரு காலத்தில் தடை

டெபிட், கிரெடிட்டை ஓரமாக வைத்துவிட்டு இன்றைக்குக் கொஞ்சம் சங்கீத வரலாறு.

எங்கள் தம்மம்பட்டிப் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு ஆர்மோனியப் பெட்டியைத் தெரியும். அதைவிடப் பெரிதாய்க் காற்றில் பாடும் வாத்தியம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சென்னைக்குப் படிக்க வந்த முதல் வருஷம் விடுதி நண்பன் ஒருத்தன் எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்துக்குக் கூட்டிப் போனான். எல்லோரும் 'கிர்க்' என்பார்கள். பிஷப்பின் இருக்கை உள்ள கதீட்ரல் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821-ல் திறந்த ஆலயம். நீல வர்ணக் குவிமாடத்தில் தங்க நட்சத்திரங்கள். ஆர்கன் ஆரம்பித்ததும் கீழ் ஸ்வரம் காதுக்கு முன்னால் உட்கார்ந்த பெஞ்சில் தெரிந்தது!

விஷயம் எளிமைதான். துருத்தியில் காற்று, காற்றுக்குக் குழாய். 16 அடிக் குழாய் உறுமும், பென்சிலைவிடச் சின்னது கீச்சிடும். மின்சாரம் வரும் முன்பு துருத்தியை இயக்கத் தனி ஆள் வேண்டும். வாசித்தவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, துருத்தி மிதித்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. (காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு மறைமுகக் கூலி என்று பெயர் :-))

1840 ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், புனித தாமஸ் ஆலயத்தில் மெண்டல்சன் தனியாக ஆர்கன் கச்சேரி செய்தார். முழுக்க பாக் இசை. பாக்குக்கு அங்கே ஒரு சிலை வைக்க நிதி திரட்டத்தான் அது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்து திருச்சபையில் ஆர்கனுக்கு இடமே இல்லை. ஜனங்கள் தங்கள் வாயால் சங்கீதம் பாட வேண்டும், நடுவில் வாத்தியம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. 1807-ல் கிளாஸ்கோவில் ஓர் ஆலயம் ஆர்கனை வாசித்துப் பார்த்தது, சபை மேலிடம் உடனே நிறுத்திவிட்டது. 1865-ல் எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ஆர்கன் வந்தபோதும் பெரிய சண்டை. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. நம் எழும்பூர் ஆர்கன் 1883-ல் வந்தது, ஹட்டர்ஸ்ஃபீல்டின் பீட்டர் கொனாகர் கம்பெனி செய்தது. இன்றைக்கு அந்த ஆலயம் என்றாலே ஆர்கனைச் சொல்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்கள்!

அந்த ஆர்கனைப் பல வருஷம் வாசித்தவர் ஹாண்டல் மானுவேல். பெயரிலேயே ஓர் இசைமேதை. சென்னை வானொலியில் மேற்கத்திய இசையையும் அவர் கவனித்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே அகில இந்திய வானொலிதான் 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அந்நிய வாத்தியம், கமகம் வராது என்றார்கள். கமகம் வராது என்பது உண்மைதான், கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். ஆனால் அந்நியம் என்று தள்ளியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படிப் பார்த்தால் வயலினை எங்கே வைப்பது? 1971-ல்தான் தடையைத் தளர்த்தினார்கள்.

அந்த முப்பத்தொரு வருஷமும் கூத்து மேடையில் பெட்டி பாடிக்கொண்டுதான் இருந்தது.