பங்காளியும் கூட்டாளியும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நட்பும் குடும்ப உழைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியை இயந்திரம், மூலதனம், ஏற்றுமதி ஆகியவற்றைக் கொண்டு விளக்குவதே பெருவழக்கு. உறவும் நட்பும் மூலதனமாக மாறிய முறையைச் சில ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. அவ்வாறு மாறிய உறவுகளுள் எவை ‘பங்கு’ என்று எண்ணப்பட்டன, எவை ‘உதவி’ என்றும் ‘கூலி’ என்றும் ஒதுக்கப்பட்டன என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கொங்கு நாட்டின் உறவுச் சொற்கள், கூட்டுத்தொழில் சட்டம், வீட்டு உழைப்பு, பருவச் சுழற்சி ஆகிய நான்கின் வழியாக அதற்கு விடை தேடுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், கொங்கு நாடு, பின்னலாடை, பங்காளி, கூட்டுத்தொழில், பெண்கள் உழைப்பு, பருவம்.

முன்னுரை

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலை ‘ஹோசியரி’ என்பர். தொழிற்கூடத்தைப் ‘பனியன் கம்பெனி’ என்பர். இவ்விரு சொற்களும் தொலைவிலிருந்து வந்தவை. ‘ஹோஸ்’ என்பது ஆங்கிலத்தில் காலுறையைக் குறித்த பழஞ்சொல். காலுறை பின்னும் தொழிலும் அதன் வாணிகமும் ‘ஹோசியரி’ எனப்பட்டன. ‘பனியன்’ என்பதோ குசராத்தி வணிகர்களைக் குறித்த சொல். அது போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, அங்குத் தளர்ந்த மேலங்கியையும் பின்னர் உள்ளாடையையும் குறித்து, மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. காலுறையின் பெயரும் வணிகனின் பெயரும் நொய்யல் கரையில் ஓர் உள்ளாடையின்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

இத்தொழில் குறித்த உள்ளூர்ச் சொற்களோ வேறு வகையின. பங்கு, பங்காளி, கூட்டு, கூட்டாளி, மாமன், மச்சான் ஆகியவை கொங்கு நாட்டு வேளாண் குடும்பத்திலிருந்து தொழிற்கூடத்துக்குள் நுழைந்த சொற்கள். இச்சொற்கள் எவரை உள்ளே சேர்த்தன, எவரை வெளியே நிறுத்தின என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. காலுறையிலிருந்து பனியனுக்கு

நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்படுகிறது. ஆகவே பின்னல் துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய காலுறைக்கு இப்பண்பு இன்றியமையாதது. இங்கிலாந்தில் 1589இல் வில்லியம் லீ அமைத்த பின்னல் பொறியும் காலுறைக்காகவே உருவானது. 19ஆம் நூற்றாண்டில் வட்டப் பின்னல் இயந்திரங்கள் பரவியபோது, துணி தட்டையாக அன்றிக் குழாய் வடிவில் இறங்கத் தொடங்கியது.

இக்குழாயே பின்வந்த வரலாற்றுக்குத் திறவுகோல். குழாயைக் காலுறையாக்க வேண்டுமெனில் குதிகாலுக்குத் திருப்ப வேண்டும்; விரல் பகுதியை மூட வேண்டும். அங்கே கைத்திறன் தேவை. அதே குழாயை உடலின் அளவுக்கு அகலமாகப் பின்னினால், பக்கத் தையலே இல்லாத உள்ளாடை ஏறத்தாழ ஆயத்தமாகிவிடும். கழுத்தையும் கையையும் வெட்டி, ஓரங்களை மடித்துத் தைத்தால் போதும். ஓர் இயந்திரமும் சில தையல் பொறிகளும் ஒரு சிறு கொட்டகையும் இருந்தால் தொழிலைத் தொடங்கலாம். நூற்பாலைக்கு வேண்டிய பெருமுதல் இதற்கு வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் எட்டக்கூடிய அளவில் முதலீடு இருந்தமையால்தான் ‘சேர்தல்’ என்பதே இங்குத் தொழிலின் அடிப்படையாயிற்று.

2. இராட்டையும் பின்னல் இயந்திரமும்

இந்தியாவில் பின்னலாடைத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் வேரூன்றியது. திருப்பூரில் 1925இல் குலாம் காதர் தொடங்கியதே முதல் பின்னலாலை என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதே ஆண்டில்தான் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் அதன் கதர்ப் பணிக்குத் திருப்பூர் மையமானது. கையால் நூற்ற நூலின் ஊராக நாடறிந்த திருப்பூர், ஆலை நூலைப் பின்னும் ஊராகவும் ஒரே காலத்தில் உருப்பெற்றது.

இதற்குரிய சூழல் முன்பே அமைந்திருந்தது. கம்போடியாப் பருத்தி கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் செழித்தது. திருப்பூரில் பருத்திச் சந்தையும் பருத்தி அரைவை ஆலைகளும் இருந்தன. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை ஊரைத் தொட்டுச் சென்றது. கோயம்புத்தூரில் 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலையைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகின. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் அப்பெருக்கம் விரைவுற்றது. நூல் அருகில் கிடைத்தது. அதை வாங்கிப் பின்னுவதற்கு வேண்டியிருந்தது ஆட்களும் நம்பிக்கையும்.

3. ‘பங்கு’ என்னும் சொல்

கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஆண்கள் தமக்குள் பங்காளிகள். பெண் கொள்வதும் கொடுப்பதும் வேறு கூட்டத்தாரோடு. அவர்கள் மாமன் மச்சான். ‘பங்காளி’ என்னும் சொல்லின் வேர் ‘பங்கு’. நிலத்தில் பங்கு உடையவனே பங்காளி. எனவே இவ்வுறவு அன்பை மட்டும் சுட்டுவதன்று. உரிமையையும் அவ்வுரிமை தரும் பகையையும் சேர்த்தே சுட்டுகிறது. ‘பங்காளிக் காய்ச்சல்’ என்னும் வழக்கு அதற்குச் சான்று.

இப்பங்கில் பெண்ணுக்கு இடமில்லாமையைக் கொங்கு இலக்கியம் முன்னரே பதிவு செய்துள்ளது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கணவனை இழந்த பெண் ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்பதை மையமாகக் கொண்ட நாவல். அக்கேள்வி கொலையில் சென்று முடிகிறது. உழைத்த நிலத்தின்மேல் பெண் உரிமை கோருவது குடும்பத்தையே குலைக்கும் செயலாகப் பார்க்கப்பட்ட சூழலை அந்நாவல் காட்டுகிறது. சட்டத்திலும் நிலை வேறன்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தமிழ்நாடு வழங்கியது 1989இல்தான். அதுவும் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கே. திருப்பூரின் பின்னலாலைகளுள் முதல் இரு தலைமுறையினவற்றுக்கு வேளாண் குடும்பங்களிலிருந்து முதல் வந்த காலம் முழுவதும் இதற்கு முற்பட்டது.

4. நட்பு முதலாதல்

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுத்தொழில் சட்டத்தின்படி, பங்குதாரர் ஒருவர் தொழிலின் பொருட்டுச் செய்யும் செயல் மற்ற அனைவரையும் கட்டுப்படுத்தும். கடனுக்கு ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு. கால வரையறை இல்லாத கூட்டை, ஒருவர் எழுத்து மூலம் அறிவித்தே கலைத்துவிடலாம். பதிவு செய்வதும் கட்டாயமன்று. இத்தகைய அமைப்பில் முன்பின் அறியாதவரோடு சேர்வது பெரும் இடர். ஆகவே கூட்டாளி என்பவர் ஒரே ஊர்க்காரராக, உடன் வேலை பார்த்தவராக, மச்சானாக, அல்லது மச்சான் அறிமுகப்படுத்திய நண்பராக இருந்தார்.

ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வுநூல் இதனை உடன்பிறப்பு முதல் என்னும் கருத்தாக்கத்தால் விளக்குகிறது. எளிய வேளாண் பின்னணியிலிருந்து ஆலைத் தொழிலாளராக வந்த கவுண்டர்கள், தம் ‘உழைப்பை’ முதலாகச் சொல்லி உரிமையாளர்களாக உயர்ந்த வரலாற்றை அவர் ஆராய்கிறார். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. உள்ளூர்ச் சமூக வலைக்குள் இருந்தவர்கள் கூடுதல் முதலோடு தொழில் தொடங்கினர். வெளியிலிருந்து வந்தவர்களோ குறைந்த முதலோடு தொடங்கி விரைவாக வளர்ந்தனர். முதல் எங்கே சென்றது என்பதைத் திறமையைவிட உறவே கூடுதலாகத் தீர்மானித்தது என்பது இதன் பொருள்.

சட்டமும் சிறு கூட்டுகளை ஊக்குவித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை பயன்படுத்தும் கூடங்களில் பத்துப் பேர் முதல் பொருந்தியது. பின்னலாடை 2000களின் நடுப்பகுதி வரை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல் என ஒவ்வொரு படியும் தனிக் கூடமாக நின்றது. ஒரு கூடம் பெரிதாக வளர்வதைவிட, புதிய கூட்டாளியோடு மற்றொரு கூடம் தொடங்குவதே வழக்கமாயிற்று. பழைய கூட்டுக் கலையும்போது பங்காளிகள் நிலத்தைப் பிரிப்பதுபோல இயந்திரங்கள் பிரிக்கப்பட்டன.

இந்நட்புக்கு எல்லை இருந்தது. 1984இல் பஞ்சப்படி கோரி நடந்த பொது வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. நேற்றுவரை அருகமர்ந்து தைத்தவர் முதலாளியான ஊரில், உழைப்பின் பெயரால் பேசிய இரு தரப்பாரும் எதிரெதிரே நின்றனர். சாதியும் எல்லையாக நின்றது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோர் திருப்பூரைச் சுற்றிய சிற்றூர்களில் நடத்திய ஆய்வு, தலித் மக்கள் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்ற ஊரில் பழைய சார்பு தளர்ந்ததையும், விசைத்தறி முன்பணத்தில் கட்டுண்ட ஊரில் அது நீடித்ததையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. வேலை விடுதலை தந்த இடத்திலும் ‘கூட்டாளி’ என்னும் இடம் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை.

5. வீட்டின் உழைப்பு

கூட்டாளிகள் தொடக்க ஆண்டுகளில் ஆதாயத்தை எடுக்காமல் தொழிலிலேயே விடுவதைச் சிக்கனத்தின் அடையாளமாகக் கூறுவது வழக்கம். அவ்வாறெனில் அந்த ஆண்டுகளில் வீட்டுச் செலவு எதனால் நடந்தது? இவ்வினா கணக்கேட்டில் எழுவதில்லை. கொங்குச் சிற்றூரில் மாட்டைப் பேணியவர்களும் பால் கறந்து விற்றவர்களும் தோட்ட வேலையை விடாமல் நடத்தியவர்களும் பெரிதும் பெண்களே. திருமணத்தில் பெண்ணோடு வந்த நகையும் சீர்ப்பணமும் இயந்திரமாக மாறியதுண்டு. ஆனால் பங்குப் பத்திரத்தில் அது கணவன் பங்கு. மாமன் வீட்டு உறவு ‘முதல்’ ஆனது; அவ்வுறவைத் தாங்கிய பெண் முதலாளி ஆகவில்லை.

தொழிற்கூடத்துக்குள்ளும் இதே வகைப்பாடு தொடர்ந்தது. தைப்பவர் ‘டெய்லர்’, அவர் அருகில் நின்று துணியை மடித்துக் கொடுப்பவர் ‘கைமடி’. கைமடி வேலை சிறுவருக்கும் பெண்களுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. டெய்லரின் கை எவ்வளவு விரைவாக ஓடும் என்பது கைமடிப்பவர் எவ்வளவு ஒழுங்காக மடித்துத் தருகிறார் என்பதைப் பொறுத்தது. ஆயினும் ஒன்று ‘தொழில்’ எனவும் மற்றொன்று ‘உதவி’ எனவும் எண்ணப்பட்டது. 1970களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளரின் வருகையோடு தொடங்கிய ஏற்றுமதி, 1980களின் நடுப்பகுதிக்குப் பின் பெருகியபோது பெண்கள் பெருந்தொகையாகத் தொழிலுக்குள் வந்தனர். நூல் முனை வெட்டுதல், சரிபார்த்தல், அடுக்குதல் முதலிய வேலைகளே பெரும்பாலும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. கழிவுத் துணியைப் பிரித்து நூலாக்கும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்கும் சென்றது.

பெண்களுக்கிடையே நட்பு இல்லாமலில்லை. ஒரே வேனில் வருவதும், ஒருத்தி மற்றொருத்தியை அழைத்துவந்து வேலையில் சேர்ப்பதும், சீட்டுக் கட்டுவதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் தொழிலை நாள்தோறும் நடக்கச்செய்த உறவுகளே. ஆண்களின் நட்பு கூட்டாகி, கூட்டு நிறுவனமாகி, நிறுவனம் ஆவணமாகியது. பெண்களின் நட்போ அன்றாடச் செலவை ஈடுகட்டுவதில் செலவாகி, ஆவணம் இன்றி மறைந்தது.

6. இளவேனிலின் இரு முகங்கள்

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். கொங்கு நாட்டில் அதற்கு முன்னரே, பங்குனியில், மாரியம்மன் கோயில்களில் கம்பம் நடப்படும். பண்ணாரியில் குண்டம் இறங்குவர். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் விழா நடைபெறும். ஐப்பசியையொட்டி விதைத்த பருத்தி வெடித்து எடுப்புக்கு வருவதும் மாசி, பங்குனியை ஒட்டியே. பருத்தி எடுப்பது பெண்களின் வேலை. உழவுக் குடும்பத்தில் இது வேலையும் வருமானமும் விருந்தும் ஒன்றுகூடிய பருவம்.

ஏற்றுமதி இக்காலக் கணக்கை மாற்றியது. திருப்பூரின் சிறப்பு மெல்லிய பருத்தி ஆடை. அது ஐரோப்பியர் வசந்தத்திலும் கோடையிலும் அணிவது. அங்கே வசந்தத்தில் கடையில் தொங்க வேண்டிய ஆடை, இங்கே பனிக்காலத்தில் தைக்கப்பட்டுப் பங்குனிக்குள் பெரும்பாலும் கப்பலேற வேண்டும். எனவே அம்மன் நோன்பும் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வும் கப்பல் கெடுவும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. இரவு வேலை நீளும் அந்த வாரங்களில் நோன்புச் சமையலையும் பிள்ளையின் படிப்பையும் எவர் கவனிப்பது என்பது வீட்டுக்குள் தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாகிறது. பாட்டியோ மூத்த மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ அதை ஏற்கிறார். சித்திரையில் ஆணை குறைந்து வேலை இல்லாதபோது, குறைந்த கூலியில் குடும்பத்தை நடத்தும் பொறுப்பும் அவர்களிடமே திரும்புகிறது. தொலைவிலுள்ள சந்தையின் பருவ ஏற்றத்தாழ்வு இவ்வாறு வீட்டின் உழைப்பால் சமன்செய்யப்படுகிறது.

முடிவுரை

நட்பும் உறவும் திருப்பூரின் வளர்ச்சிக்கு அடித்தளம் என்னும் கூற்று உண்மை. ஆயினும் அது பாதி உண்மை. வேளாண் குடும்பத்தின் ‘பங்கு’ என்னும் கருத்து தொழிற்கூடத்துக்குள் வந்தபோது, அதன் சேர்க்கும் ஆற்றலோடு விலக்கும் ஆற்றலும் வந்தது. ஆண்களுக்கிடையிலான நம்பிக்கை பங்காக எண்ணப்பட்டது. அந்நம்பிக்கை நிலைபெறுவதற்கு வேண்டிய காலத்தையும் சோற்றையும் பணத்தையும் அளித்த பெண்களின் உழைப்பு எண்ணப்படவில்லை.

இதனை ஆராய ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் சங்க ஆவணங்களும் மட்டும் போதா. மொய்க் கணக்கேடு, சீட்டுப் புத்தகம், பால் கணக்கு, கூட்டுக் கலைப்புப் பத்திரம், மூத்த பெண்களின் வாய்மொழி ஆகியவை தொழில் வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளப்பட வேண்டும். கைமடியாகத் தொடங்கிய தலைமுறை இன்று முதுமையை எட்டிவருகிறது. அவர்களின் நினைவைப் பதிவுசெய்யும் பணி, கோவை, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்கது. பின்னலில் ஒரு வளையம் நழுவினால் துணி நெடுக ஓட்டை விழும். திருப்பூர் பற்றி நாம் எழுதியுள்ள வரலாற்றில் நழுவிய வளையம் வீடு.