வில்லியம் டீட்டர்லே

1939ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஒரு படத்தின் காட்சியை நேயர்களுக்கு முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். 'ஏழை படும் பாடு' வாயிலாக நம்மவர்க்கு நெடுநாள் அறிமுகமான விக்டர் ஹ்யூகோவின் மற்றொரு நாவலைத் தழுவிய படம் அது. நோத்ர்தாம் தேவாலயத்தில் மணியடிக்கும் கூனனைப் பற்றியது. பாரிஸ் நகர வாயிலில் நாடோடி மக்கள் கூட்டமாக வந்து நிற்கின்றனர். அனுமதிச் சீட்டில்லாதவர் உள்ளே நுழையலாகாது என்று காவலர் தடுக்கின்றனர். ஒரு பெண் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பி உள்ளே ஓடிவிடுகிறாள்.

கதை நிகழ்வது பதினைந்தாம் நூற்றாண்டில். ஆயினும் அந்த 1939ஆம் ஆண்டில், தக்க சீட்டின்றி ஐரோப்பாவின் எல்லைச் சாவடிகளில் நின்று தவித்தோர் எண்ணற்றவர். படத்தை இயக்கியவர் இதனை நன்கறிவார். அவர் பெயர் வில்லியம் டீட்டர்லே.

1893ஆம் ஆண்டில், ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாபென் என்னும் தொழில் நகரத்தில், வறிய தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் வில்ஹெல்ம். இளமையிலேயே ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவிற் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற பெரும் நாடக இயக்குநரின் குழுவில் இடம் பெற்றார். நெடிய உருவமும் எடுப்பான முகமும் அவரைப் பேசாப் படங்களுக்கு இழுத்துச் சென்றன. முர்னோ எடுத்த 'பௌஸ்ட்' படத்தில் நாயகியின் தமையனாக வருபவர் இவரே.

வேடம் புனைவது மட்டும் அவருக்குப் போதவில்லை. 1923ஆம் ஆண்டிலேயே டால்ஸ்டாய் கதை ஒன்றைப் படமாக்கினார். அதில் சிறு பாத்திரம் ஏற்ற இளம் பெண், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மார்லீன் டீட்ரிச். பிறகு மனைவி ஷார்லட்டுடன் சேர்ந்து சொந்தப் படக்கம்பெனியையும் தொடங்கினார். 1928ஆம் ஆண்டில் தாமே நடித்து இயக்கிய படமொன்றில், சிறைப்பட்ட மனிதனுக்கு இல்லற வாழ்வு மறுக்கப்படுவதன் கொடுமையை எடுத்துரைத்தார். அக்காலத்தில் அதைப் பேசத் துணிந்தோர் சிலரே.

1930ஆம் ஆண்டில் அமெரிக்க வார்னர் கம்பெனியார் அவரை அழைத்தனர். பேசும் படம் புதிதாக வந்த காலம். குரல் மாற்றும் முறை இன்னும் செம்மையாகாததால், ஒரே கதையை வெவ்வேறு மொழிகளில் வெவ்வேறு நடிகரைக் கொண்டு திரும்பவும் எடுப்பார்கள். ஜெர்மன் பதிப்புகளை எடுக்கவே டீட்டர்லே சென்றார். திமிங்கிலத்தைத் துரத்தும் காப்டன் ஆஹாப் வேடத்தைத் தாமே ஏற்றார். தற்காலிகமாகச் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் நீங்கிய மூன்றாண்டுக்குள் ஹிட்லர் ஆட்சி வந்தது. பழைய குருவாகிய ரைன்ஹார்ட்டும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். 1935ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவைக் குருவும் சீடரும் சேர்ந்து படமாக்கினர். காமிராவில் அதிகம் பழகாத குருவுக்குச் சீடர் துணை நின்றார். ஜெர்மனியில் ஒதுக்கப்பட்டிருந்த மெண்டல்சனின் இசை அப்படம் முழுதும் ஒலித்தது.

அடுத்து அவர் எடுத்த வாழ்க்கை வரலாற்றுப் படங்களே அவருக்கு நிலைத்த பெயரைத் தந்தன. கிருமி ஆராய்ச்சியைக் காசு கொடுத்துப் பார்ப்பார் யார் என்று கம்பெனியார் தயங்கியும், லூயி பாஸ்டரின் வரலாறு வெற்றி பெற்றது. அதன் பின் வந்த எமிலி ஜோலா வரலாறு 1937ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. டிரைபஸ் என்னும் யூத அதிகாரிக்கு இழைக்கப்பட்ட அநீதியே அதன் உயிர்நாடி. ஆயினும் 'யூதர்' என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஏட்டில் எழுதிய சொல்லாய்த் திரையில் ஒரு கணம் தோன்றி மறைகிறது. இதைக் கம்பெனியாரின் கோழைத்தனம் என்றே நான் கொள்கிறேன்.

திரைக்கு வெளியே டீட்டர்லே தம்பதியர் ஆற்றிய பணி இதனினும் பெரிது. அமெரிக்காவுக்குள் வர விரும்பும் அகதி அரசாங்கத்துக்குப் பாரமாக மாட்டார் என அந்நாட்டார் ஒருவர் எழுத்து மூலம் அன்று பிணை தர வேண்டியிருந்தது. அத்தகைய பிணைகளைத் தேடித்தரவும், வந்தவர்க்கு உணவும் வாடகையும் கொடுக்கவும் 1938ஆம் ஆண்டில் ஒரு நிதி ஏற்பட்டது. படத்தொழிலிலிருந்த புலம்பெயர்ந்தோர் தம் வருவாயில் ஒரு பங்கை அதற்களித்தனர். அதன் அன்றாட வேலையைச் சுமந்தவர்களுள் ஷார்லட் முதன்மையானவர். நாடகாசிரியர் பிரெக்ட் 1941ஆம் ஆண்டில் கலிபோர்னியா வந்து சேரவும் டீட்டர்லே உதவினார். அகதி நடிகர்களைக் கொண்டு 'வில்லியம் டெல்' நாடகத்தை ஆங்கிலத்தில் அரங்கேற்றப் பணம் போட்டார். அந்த முயற்சி தோற்றது. பெர்லின் அரங்கில் முழங்கியவர்கள், பழகாத மொழியில் நாத் தடுமாறி நின்றதை எண்ணிப் பாருங்கள்!

கூனன் படம் தயாராகிக் கொண்டிருக்கையிலேயே போர் மூண்டது. அன்று கூனனாக நடித்த சார்லஸ் லாட்டன் கோயில் மணியை நிறுத்தாமல், சோர்ந்து விழும் வரை அடித்துக்கொண்டேயிருந்தார் என்று டீட்டர்லே பின்னாளில் நினைவு கூர்ந்தார்.

1941ஆம் ஆண்டில் தாமே தயாரிப்பாளராகிச் சாத்தானிடம் தன்னை விற்ற குடியானவன் கதையை எடுத்தார். அவருடைய படங்களில் எனக்கு மிகவும் உகந்தது அதுவே. பணம் மட்டும் வரவில்லை. வெள்ளைக் கையுறை அணிந்தே படப்பிடிப்பை நடத்துவார். நம்மவரைப் போலவே நாளும் கோளும் பார்த்துத் தொடங்குவார் என்றும் உடனிருந்தோர் கூறுவதுண்டு.

கிரகங்கள் காவாத காலமும் வந்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் பொதுவுடைமையர் வேட்டை தொடங்கியபோது, ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி 1938ஆம் ஆண்டில் அவர் எடுத்த படமும், பிரெக்ட் போன்றோரின் நட்பும் ஐயத்துக்குரியனவாயின. 1953ஆம் ஆண்டில் 'எலிபெண்ட் வாக்' படத்துக்காக இலங்கை செல்ல வேண்டிய வேளையில், அவருக்குக் கடவுச்சீட்டு எளிதிற் கிடைக்கவில்லை. எத்தனையோ பேருக்குச் சீட்டுத் தேடித் தந்தவர் தம் சீட்டுக்காகக் காத்திருந்தார். இலங்கையில் நாயகி விவியன் லீ நோயுற்றார். அவர் இடத்துக்கு எலிசபெத் டெய்லர் வந்தார். தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் இன்றும் விவியன் லீயே நடந்து செல்கிறார். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்கள் அப்படத்தில் பெரிதும் பின்னணிக் கூட்டமாகவே வந்து போவது ஒரு குறை.

1950களின் கடைசியில் டீட்டர்லே ஐரோப்பா திரும்பினார். பாட் ஹெர்ஸ்பெல்டு நகரில், கூரையிழந்த பழைய மடாலய இடிபாட்டினுள் நடைபெறும் நாடக விழாவை 1960களிற் சில ஆண்டுகள் நடத்தினார். மியூனிக் அருகே ஒட்டோபுருன் என்னும் ஊரில் 1972ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.