நான்கு இறக்கை ஈயும் முள் இழந்த மீனும்: உடலமைப்பின் பரிணாமத்தில் மரபணுக்களின் பங்கு

விலங்கினங்களின் பரிணாமம் குறித்து எர்ன்ஸ்ட் மையர் 1963இல் வெளியிட்ட பெருநூலில் ஒரு கணிப்பு இருக்கிறது. மிக நெருங்கிய உறவுடைய இனங்களை விட்டால், மற்ற விலங்குகளில் ஒரே மூலத்திலிருந்து வந்த மரபணுக்களைத் தேடுவது வீண் என்கிறது அது. அன்றைய நிலையில் நியாயமான கணிப்புதான். ஈயும் எலியும் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலத்தில் இயற்கைத் தேர்வு ஒவ்வொரு மரபணுவையும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி எழுதியிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். ஈயின் உடலும் எலியின் உடலும் அவ்வளவு வேறுபட்டவை. அவற்றைக் கட்டும் மரபணுக்களும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்தக் கணிப்பு பொய்த்துப்போனது. புதிய உடலமைப்புக்குப் புதிய மரபணு வேண்டும் என்ற எண்ணம் விலகி, பழைய மரபணு கருவில் எங்கே, எப்போது இயங்குகிறது என்பதில் ஏற்படும் மாற்றமே வடிவத்தைப் பெரிதும் மாற்றுகிறது என்ற புரிதல் எப்படி வந்தது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்தப் புரிதல் ஒரு கோட்பாட்டிலிருந்து பிறக்கவில்லை என்பது என் கருத்து. உறுப்பு இடம் மாறிப் பிறந்த ஈக்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் வளர்த்துப் பார்த்தவர்களிடமிருந்தே அது வந்தது.

இடம் மாறிய உறுப்புகள்

இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1894இல் உயிரினங்களின் மாறுபாடுகளைப் பற்றி ஒரு தடித்த தொகுப்பை வெளியிட்டார். இயல்புக்கு மாறான உடலமைப்பு கொண்ட விலங்குகளின் 886 பதிவுகள் அதில் உண்டு. உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்த பூச்சி, கழுத்து முள்ளெலும்பில் விலா முளைத்த மனிதர் என்று பட்டியல் நீளும். ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பின் இடத்தில் முழு வடிவத்தோடு தோன்றும் இந்த நிகழ்வுக்கு அவர் ஹோமியோசிஸ் என்று பெயர் வைத்தார். இத்தகைய திடீர்த் தாவல்களிலிருந்தே புதிய இனங்கள் பிறக்கின்றன என்றும் நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பட்டியலின் மதிப்போ காலம் செல்லச் செல்லக் கூடியது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் மார்கனின் ஆய்வகம் பழ ஈக்களை வைத்து மரபியலை வளர்த்துக்கொண்டிருந்த காலம். 1915இல் அங்கே பணியாற்றிய கால்வின் பிரிட்ஜஸ் ஒரு விநோத ஈயைக் கண்டார். ஈக்கு இறக்கை ஒரே இணைதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நுனி பருத்த சிறு காம்பு ஒன்று இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஹால்டியர் எனப்படும் இது பறக்கும்போது வேகமாக அதிர்ந்து உடலின் சமநிலையைக் காக்கிறது. பிரிட்ஜஸ் கண்ட ஈயில் இந்தக் காம்பின் ஒரு பகுதி இறக்கைபோல் விரிந்திருந்தது. பைதோராக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த மரபுப் பிறழ்வு கொண்ட ஈக்கள் குப்பிகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன.

அவற்றின் பொருளை அவிழ்த்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் எட்வர்ட் லூயிஸ். 1940களில் தொடங்கிய வேலையை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஈயின் மார்பு மூன்று கண்டங்களால் ஆனது. மூன்றிலும் ஓர் இணைக் கால் உண்டு. இரண்டாம் கண்டத்தில் இறக்கையும் மூன்றாவதில் ஹால்டியரும் இருக்கும். குரோமோசோமில் பைதோராக்ஸ் அமைந்த பகுதியில் நிகழும் மூன்று பிறழ்வுகளை லூயிஸ் ஒரே ஈயில் சேர்த்தார். மூன்றாம் கண்டம் இரண்டாம் கண்டத்தின் நகலாகவே மாறிவிட்டது. ஹால்டியர் இருந்த இடத்தில் நரம்பமைப்போடும் விளிம்பு மயிர்களோடும் ஒரு முழு இறக்கை. இன்று எந்த வளர்ச்சி உயிரியல் பாடநூலைத் திறந்தாலும் அந்த நான்கு இறக்கை ஈயின் படம் இருக்கும். அதில் இறக்கைக்கான புதுச் செய்தி எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மரபணுவின் செயல் அந்தக் கண்டத்தில் இல்லாமல் போனது; அவ்வளவுதான். இறக்கையைக் கட்டும் திறன் அந்தக் கண்டத்துக்கு ஏற்கெனவே இருந்தது.

1978இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் லூயிஸ் இன்னொரு வியப்பையும் பதிவு செய்தார். இந்த மரபணுக் கூறுகள் குரோமோசோமில் அமைந்திருக்கும் வரிசையும், அவை ஆளும் உடற்கண்டங்களின் வரிசையும் ஒன்றே. ஒரு முனையில் உள்ளது மார்பை ஆள்கிறது. மறு முனையில் உள்ளது வயிற்றின் கடைக்கோடியை ஆள்கிறது. பரிணாமத்துக்கும் அவர் ஒரு விளக்கம் தந்தார். பூச்சிகளின் மூதாதை மரவட்டைபோல் பல கால்கள் கொண்டது. வயிற்றுக் கால்களை அடக்கும் புதிய மரபணுக்கள் சேர்ந்ததால் ஆறு கால் பூச்சி வந்தது. பின்னிறக்கையை அடக்கும் புதிய மரபணு சேர்ந்ததால் நான்கு இறக்கைப் பூச்சியிலிருந்து ஈ வந்தது. அழகான விளக்கம். சோதித்துப் பார்க்கக்கூடியதும்கூட.

உயிர்களின் பொது எழுத்து

லூயிஸின் மரபணுக்கள் கண்டங்களுக்கு அடையாளம் தருபவை. அந்தக் கண்டங்களை முதலில் பிரித்து வகுப்பவை எவை? ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஆயிரக்கணக்கான பிறழ்வு ஈ வம்சங்களை உருவாக்கி, இருவரும் ஒருசேரப் பார்க்கும் நுண்ணோக்கியில் புழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கண்ட அமைப்பைக் குலைக்கும் 15 மரபணுக்களை 1980இல் அறிவித்தார்கள். புழுவின் உடல் முழுக்க முள்மயிர் அடர்ந்துபோகும் பிறழ்வுக்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர். இந்தப் பெயர் கட்டுரையின் கடைசிப் பகுதியில் மறுபடி வரும்.

திருப்புமுனை 1983–84இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்ட்டர் கெரிங்கின் ஆய்வகத்தில் வில்லியம் மெக்கின்னிஸ், மைக்கேல் லெவின் முதலியோரும், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஸ்காட், ஏமி வைனர் ஆகியோரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். கண்டங்களுக்கு அடையாளம் தரும் ஈயின் மரபணுக்கள் பலவற்றில் 180 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அது புரதத்தில் 60 அமினோ அமிலங்களாக மொழிபெயர்கிறது. அந்தப் பகுதிதான் மற்ற மரபணுக்களின் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு அவற்றை இயக்கவோ அடக்கவோ செய்கிறது. ஹோமியோபாக்ஸ் என்று அதற்குப் பெயர் வந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் மையரின் கணிப்பைத் தகர்த்தது. பல விலங்குகளின் டி.என்.ஏ.வை ஒரே வடிதாளில் பதித்து, ஈயின் துண்டோடு எவை ஒட்டுகின்றன என்று பார்த்தார்கள். மண்புழு ஒட்டியது. தவளை ஒட்டியது. எலியும் மனிதனும் ஒட்டின. எட்டி டி ராபர்ட்டிஸின் குழுவோடு சேர்ந்து தவளையின் மரபணு 1984இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, அதன் ஹோமியோபாக்ஸ் பகுதி ஈயினுடையதோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. 1989க்குள் இன்னொன்றும் உறுதியானது. எலியின் இம்மரபணுக்கள் குரோமோசோமில் அமைந்த வரிசையும் தலை முதல் வால் வரையான உடல் வரிசையே. கண்ட அடையாளம் தரும் இத்தகைய மரபணுக்கள் ஈக்கு எட்டு. எலிக்கும் நமக்கும் நான்கு தொகுதிகளில் 39. லூயிஸ், நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் மூவருக்கும் 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு கெரிங்கின் குழு வெளியிட்ட சோதனை பொதுமக்களையும் எட்டியது. கண் உருவாகத் தேவையான ஒரு மரபணுவை ஈயின் காலிலும் இறக்கையிலும் இயங்க வைத்தபோது அங்கெல்லாம் கண் முளைத்தது. எலியில் அதற்கு இணையான பாக்ஸ்6 மரபணுவைப் போட்டபோதும் முளைத்தது. முளைத்தது எலிக்கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண். மரபணு தரும் கட்டளை பொதுவானது. அதைக் கேட்டு எதைக் கட்டுவது என்பதை ஈயின் உடலே முடிவு செய்கிறது. கட்டளை மாறாமல் பதில் மாறினால் போதும், வடிவம் மாறிவிடும் என்பதை இந்தச் சோதனை அளவுக்குத் தெளிவாகக் காட்டியது வேறில்லை என்பேன்.

வண்ணத்துப்பூச்சியிடம் தோற்ற விளக்கம்

இப்போது லூயிஸின் பரிணாம விளக்கத்துக்கு வருவோம். ஈயின் பின்னிறக்கையை அடக்கும் மரபணு அல்ட்ராபைதோராக்ஸ். லூயிஸ் சொன்னது சரியானால், நான்கு இறக்கை கொண்ட வண்ணத்துப்பூச்சியிடம் அது இருக்கக் கூடாது, அல்லது பின்னிறக்கையில் இயங்கக் கூடாது. ஷான் கேரலின் குழு 1994இல் பார்த்தபோது வண்ணத்துப்பூச்சியிடம் அந்த மரபணு இருந்தது; பின்னிறக்கையிலேயே இயங்கிக்கொண்டும் இருந்தது. ஆனாலும் இறக்கை இறக்கையாகவே வளர்ந்தது. ஆக, மரபணு ஈக்களுக்கு முற்பட்டது. ஈயின் வழியில் மாறியது வேறொன்று: அல்ட்ராபைதோராக்ஸ் புரதத்தின் பிடிக்குள் வந்த மற்ற மரபணுக்களின் பட்டியல்.

இந்த இடத்தில் இந்திய ஆய்வு ஒன்றுக்கு உரிய இடம் உண்டு. ஐதராபாத்திலும் பின்னர் புனேயின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் எல்.எஸ். சஷிதரா இந்த ஒற்றை மரபணுவை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தேனீ, பட்டுப்பூச்சி இரண்டுக்கும் பின்னிறக்கை உண்டு. அவற்றின் அல்ட்ராபைதோராக்ஸை ஈக்குள் செலுத்தினால் அது ஈயின் இறக்கையை அடக்கிவிடுகிறது என்று அவருடைய குழு 2016இல் காட்டியது. புரதத்துக்கு அந்தத் திறன் முன்பே இருந்திருக்கிறது. இறக்கை வளர்ச்சிக்கான மரபணுக்களில் கணிசமானவற்றை அந்தப் புரதம் மூன்று பூச்சிகளிலும் பற்றிக்கொள்கிறது. ஆனால் பற்றியதன் விளைவு ஈயில் மட்டும் வேறு. அந்த மரபணுக்களை ஒட்டியுள்ள ஒழுங்குபடுத்தும் டி.என்.ஏ. வரிசைகள் மாறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு.

சொடுக்கிகளைத் தேடி

கோட்பாட்டளவில் இதை முன்பே சொன்னவர்கள் உண்டு. மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் 1975இல் மனிதன், சிம்பன்சி இருவரின் புரதங்களையும் ஒப்பிட்டு அவை 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருப்பதைக் காட்டினார்கள். உடலிலும் நடத்தையிலும் உள்ள வேறுபாட்டுக்குப் புரதங்களின் மாற்றம் போதாது. மரபணுக்களை இயக்கும் முறையில்தான் காரணம் இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட உறுப்பை, ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ. மாற்றத்தோடு, இயற்கையில் வாழும் ஒரு விலங்கில் இணைத்துக் காட்ட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அதைச் செய்தது விரல் நீளமே உள்ள ஸ்டிக்கில்பேக் என்ற மீன். கடலில் வாழும் ஸ்டிக்கில்பேக்குக்கு இடுப்பில் எலும்புக் கச்சையும் அதில் பொருந்திய இரண்டு முட்களும் உண்டு. ஆபத்து வந்தால் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பெரிய மீனால் எளிதில் விழுங்க முடியாது. பனியுகம் முடிந்து, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் புதிதாக உருவான ஏரிகளில் இந்த மீன்கள் குடியேறின. பல ஏரிகளில் இடுப்பு முள்ளும் கச்சையும் மறைந்துபோயின. வேட்டை மீன்கள் இல்லாமை, நீரில் சுண்ணச்சத்துக் குறைவு, முள்ளைப் பற்றி இழுக்கும் தட்டான் இளம்பூச்சிகள் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கிங்ஸ்லி குழு, கடல் மீனையும் கனடாவின் பாக்ஸ்டன் ஏரி மீனையும் கலப்பினம் செய்து, வழித்தோன்றல்களில் முள் இருப்பதையும் இல்லாததையும் டி.என்.ஏ. அடையாளங்களோடு பொருத்திப் பார்த்தது. தேடல் பிட்எக்ஸ்1 என்ற மரபணுவில் போய் நின்றது. எலியில் இதை முழுதும் நீக்கினால் பின்னங்கால் குறுகும், தாடையும் பிட்யூட்டரி சுரப்பியும் பழுதாகும், குட்டி பிழைக்காது. அப்படியானால் ஏரி மீன் எப்படிப் பிழைத்தது? 2004இல் கிடைத்த பதில் இது: ஏரி மீனின் பிட்எக்ஸ்1 புரதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இளம் மீனின் உடலில் மற்ற இடங்களில் அந்த மரபணு இயங்குகிறது; இடுப்பில் மட்டும் இயங்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ள, ஒரே மின் இணைப்பிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனிச் சுவிட்ச் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளலாம். மரபணு ஒன்றுதான், தாடைக்கு ஒரு சொடுக்கி, இடுப்புக்கு ஒரு சொடுக்கி என்று டி.என்.ஏ.வில் அதன் அருகே தனித்தனிப் பகுதிகள் உள்ளன. 2010இல் இடுப்புக்கான சொடுக்கி பிரித்தெடுக்கப்பட்டது. முள் இழந்த மீன்களில் அந்தத் துண்டே காணாமல் போயிருந்தது. வெவ்வேறு ஏரிகளில் வெட்டுப்பட்ட எல்லைகள் வேறு வேறு. ஆகவே ஒரே இழப்பு பலமுறை தனித்தனியாக நடந்திருக்கிறது. கடல் மீனின் சொடுக்கியோடு மரபணுவை ஏரி மீனின் முட்டைக்குள் செலுத்தியபோது, வளர்ந்த மீனுக்கு இடுப்பெலும்பும் முள்ளும் மீண்டும் வந்தன. அந்த டி.என்.ஏ. பகுதி இயல்பிலேயே எளிதில் உடையக்கூடியது என்று 2019இல் தெரியவந்தது. ஒரே மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறு தடயம் ஒன்றைத் தவறவிடக் கூடாது. முள் இழந்த மீன்களில் எஞ்சியிருக்கும் எலும்புத் துணுக்கு பெரும்பாலும் வலப்புறத்தைவிட இடப்புறத்தில் சற்றுப் பெரிது. பிட்எக்ஸ்1 நீக்கிய எலியின் கால்களிலும் அப்படியே. உடலின் இடப்புறத்தில் இயங்கும் உறவு மரபணு பிட்எக்ஸ்2 குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஓர் எலும்பின் அளவு வேறுபாட்டை வைத்தே மரபணுவைச் சந்தேகிக்கலாம் என்பது அருமையான துப்பறிதல்.

பாம்பின் கதையும் இதே வழியில் போகிறது. மலைப்பாம்பின் கழிவாய்க்கு இருபுறமும் நகம்போன்ற சிறு முனைகள் இருப்பதைப் பார்க்கலாம். அவை பின்னங்கால்களின் எச்சம். கைகால் வளர்ச்சிக்கு ஹெட்ஜ்ஹாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணு வேண்டும். அதன் கைகால் சொடுக்கி மரபணுவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அதில் நேரும் சிறு பிழை மனிதரில் ஆறாம் விரலைக் கொடுக்கும். 2016இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எலியின் சொடுக்கியை எடுத்துவிட்டு மலைப்பாம்பினுடையதை வைத்தார்கள். எலியின் கால்கள் குச்சியாய்க் குறுகின. பாம்பு இழந்திருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்ததும் இயல்பான கால்கள் வந்தன.

இத்தனை சான்றுகளுக்குப் பிறகும், எல்லாம் சொடுக்கியில்தான் என்று சொல்வது மிகை. 2002இல் கேரல், மெக்கின்னிஸ் இருவரின் குழுக்களும் அல்ட்ராபைதோராக்ஸ் புரதமே பூச்சிகளின் வழியில் மாறியிருப்பதைக் காட்டின. வயிற்றுக் கால்களை அடக்கும் திறனை அது அங்கேதான் முழுமையாகப் பெற்றது. உப்புநீர் இறாலின் புரதத்துக்கு அது பெரிதும் இல்லை. லூயிஸின் மரவட்டை விளக்கத்துக்கு இதனால் ஒரு பாதி நியாயம் கிடைக்கிறது. ஹோப்பி ஹெக்ஸ்ட்ராவும் ஜெரி காய்னும் 2007இல் எழுப்பிய எதிர்ப்பும் இதையொட்டியதே: புரத மாற்றத்தால் வந்த தகவமைப்புகளுக்குச் சான்று ஏராளம், சொடுக்கிகளுக்குச் சான்று குறைவு. அப்போது அந்த எதிர்ப்பு பொருத்தமானது. ஸ்டிக்கில்பேக்கும் பாம்பும் வந்த பிறகு, உடல் வடிவத்தைப் பொறுத்தவரை தராசு சொடுக்கிகள் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். பல உறுப்புகளில் வேலை செய்யும் மரபணுவின் புரதத்தைக் கெடுத்தால் விலங்கு பிழைப்பது அரிது. ஒரு சொடுக்கியை இழந்தால் ஓர் உறுப்போடு போய்விடும்.

ஒரு விலங்கின் முழு டி.என்.ஏ. வரிசையையும் இன்று சில நாட்களில் படித்துவிடலாம். அதில் எந்தப் பகுதி எந்த உறுப்பின் சொடுக்கி என்பதை உறுதிசெய்ய, இன்றைக்கும் அதை ஒரு கருவுக்குள் வைத்து வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.