இரண்டு கோட்டைகள்

எங்கள் நாஞ்சில் நாட்டில் கோட்டை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. கல்லால் கட்டி மேலே பீரங்கி ஏற்றுவது. மற்றொன்று நெல் அளக்கிற கணக்கு. 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. வயலைக்கூட அந்தக் கணக்கில்தான் ‘ரெண்டு கோட்டை விதைப்பாடு’ என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சிறு வயதில் உதயகிரிக் கோட்டை என்று முதன்முதலாகக் காதில் விழுந்தபோது, அது எத்தனை மரக்கால் என்று நான் கேட்டேனாம். என் தாயார் இதைச் சொல்லி வெகு காலம் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அவ்வளவு அசட்டுக் கேள்வி அல்ல என்று எனக்குத் தோன்ற நாற்பது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

இப்போது அந்த ஞாபகம் வந்ததற்குப் பத்திரிகைச் செய்திதான் காரணம். 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது முதல் ஐரோப்பா முழுவதும் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனி அந்த வருஷமே பத்தாயிரம் கோடி யூரோவைச் சேனைக்கென்று தனியாக ஒதுக்கியது. போலந்து தன் கிழக்கு எல்லையில் அகழியும் தடுப்பும் அமைக்கிற வேலைக்குக் ‘கிழக்குக் கேடயம்’ என்று பெயர் வைத்தது. தலைமுறை தலைமுறையாக யார் பக்கமும் சேராமல் இருந்த பின்லாந்து 2023 இலும், ஸ்வீடன் 2024 இலும் நேட்டோவில் சேர்ந்துகொண்டன. 2025 ஜூனில் ஹேக் நகரத்தில் கூடிய நேட்டோ நாடுகள், தங்கள் தேசிய வருமானத்தில் 100 க்கு 5 பங்கை 2035 க்குள் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக ஒப்புக்கொண்டன. அதில் மூன்றரைப் பங்கு சேனைக்கு. பாக்கி ஒன்றரைப் பங்கு பாலம், சாலை போன்ற காரியங்களுக்கு. அமெரிக்கா எப்போதும் துணைக்கு நிற்குமா என்ற சந்தேகமும் இந்தப் பரபரப்புக்குப் பின்னால் இருக்கிறது.

ஹேக் எந்த நாட்டு நகரம்? ஒல்லாந்து. அதே ஒல்லாந்தர் கப்பலேறி எங்கள் குளச்சலில் வந்து இறங்கி, எங்கள் ராஜாவையும் இதே மாதிரி கோட்டை கட்ட வைத்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

1739 இல் வான் இம்ஹாப் என்கிற டச்சுக் கவர்னர் இலங்கையிலிருந்து கொச்சிக்கு வந்தார். மார்த்தாண்ட வர்மர் அப்போது பக்கத்து ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். மிளகு விளைகிற நாடெல்லாம் ஒரே கையில் சேர்ந்தால் வியாபாரம் என்ன ஆவது? வான் இம்ஹாப் ராஜாவை நேரில் கண்டு மிரட்டினார். நீங்கள் படையெடுத்து வந்தால் நான் காட்டுக்குள் போய்விடுவேன் என்றாராம் ராஜா. அங்கேயும் வருவோம் என்றாராம் கவர்னர். அப்படியானால் என் முக்குவர்களையும் அவர்கள் வள்ளங்களையும் கொண்டு நான் ஐரோப்பாவின் மேல் படையெடுக்க வேண்டியதுதான் என்று ராஜா பதில் சொன்னதாகச் சொல்லுவார்கள். அப்படியே சொன்னாரோ, பிற்காலத்தவர் மெருகு போட்டார்களோ, நல்ல பதில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நல்ல பதிலால் யுத்தம் ஜெயித்துவிடாது. அந்தக் காலத்தில் ராஜாவிடம் இருந்த சேனை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பிரபுக்கள் அழைத்தால் நாயர் வீரர்கள் வருவார்கள். வாளும் கேடயமும் வில்லும் கொண்டுவருவார்கள். களரியில் பழகிய கை, தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் விசுவாசம் முதலில் தங்கள் பிரபுவுக்கு, அப்புறம்தான் ராஜாவுக்கு. பிரபுக்களை அடக்க வேண்டிய ராஜா பிரபுக்களின் ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால்தான் அவருக்கு முன்பிருந்த ராஜா 1726 இல் மதுரை நாயக்கர் சேனையிலிருந்து 1,000 குதிரை வீரரையும் 2,000 காலாட்களையும் கூலிக்குப் பேசி வரவழைத்தார். கூலிப்படைக்கு ஒரு குணம் உண்டு. சம்பளம் பாக்கி விழுந்த அன்று அது யாருடைய படை என்று சொல்ல முடியாது.

நாஞ்சில் நாட்டுக் குடியானவனோ எல்லாப் படைக்கும் நடுவில் இருந்தான். வடக்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற வடுகப்படை அறுவடைக் காலமாகப் பார்த்து வரும். வந்தவர்கள் எடுத்தது போக மிச்சத்தில் ராஜாவின் ஆட்கள் வரி கேட்பார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் அவை புத்தகமாகவும் வந்திருக்கின்றன. அந்த ஓலைகளையும் இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளையும் படித்தால், நாட்டார் கூட்டம் கூடி, வழக்கத்துக்கு மேல் வரி கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்த செய்தி வருகிறது. கிராமத்தார் ஒன்றுகூடி ராஜாவிடம் ‘முடியாது’ என்று சொன்ன காலம் அது. 1740 வாக்கில் சந்தா சாகிபின் படையும் இதே கணவாய் வழியாக வந்து சுசீந்திரம் கோயில் வரையில் புகுந்து சூறையாடிப் போயிற்று.

ஒல்லாந்தர் குளச்சலில் இறங்கியது இந்தச் சமயத்தில்தான். கரையோரக் கிராமங்களைப் பிடித்துக்கொண்டு, பத்மநாபபுரம் என்று பின்னால் பெயர் பெற்ற கல்குளத்தை நோக்கி நகர்ந்தார்கள். 1741 ஆகஸ்டில் முடிவு வந்தது. ராஜாவின் சேனையும் கடற்கரை முக்குவர்களும் சேர்ந்து அவர்களை மடக்கினார்கள். முற்றுகையில் சிக்கிய ஒல்லாந்தர் சரணடைந்தார்கள். குளச்சலில் அதற்கு வெற்றித்தூண் நிற்கிறது. ஆசியா ஐரோப்பாவை வென்ற முதல் யுத்தம் என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அது கொஞ்சம் அதிகம். அன்றோடு ஒல்லாந்தர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. சமாதானம் ஏற்பட இன்னும் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. அந்த யுத்தத்தில் ராஜாவுக்குக் கிடைத்த பெரிய லாபம், என் அபிப்பிராயத்தில், பிடிபட்ட மனிதர்களில் ஒருவன்தான்.

அவன் பெயர் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டி லன்னாய். ஆராஸ் என்னும் ஊர்க்காரன். வயது இருபத்தாறு இருக்கும். ஊர் பேர் தெரியாத கைதி. ராஜா அவனிடம் முதலில் சில மெய்க்காவலரைக் கொடுத்து, உங்கள் ஊர் முறையில் பழக்கு என்றார். வரிசையாக நிற்பது, ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் சுடுவது, பின்வரிசை மருந்து கெட்டிக்கும்போது முன்வரிசை சுடுவது - இவையெல்லாம் களரியில் இல்லாத வித்தை. தனி வீரனின் சாமர்த்தியத்துக்கு இதில் இடமே கிடையாது. நூறு பேர் ஒரு இயந்திரமாக வேண்டும். ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. கைதி காப்டன் ஆனான், காப்டன் படைத்தலைவரானார். ஜனங்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை அவர் புதுப்பித்தார். ஒரு மலையையே சுற்றி வளைத்த மதில். உள்ளே ஏறக்குறைய 90 ஏக்கர். அங்கேயே பீரங்கி வார்க்கும் பட்டறை. பத்மநாபபுரத்துக்குக் கல் மதில் எழும்பிற்று. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற வட்டக்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்த அரண் வரிசை - எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. 1753 இல் மாவேலிக்கரை உடன்படிக்கை ஆயிற்று. அதில் ஒரு ஷரத்து எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒல்லாந்துக் கம்பெனி வருஷந்தோறும் 12,000 ரூபாய்க்கு யுத்த தளவாடங்களை ராஜாவுக்குக் கொடுக்க வேண்டும். தோற்கடித்தவனுக்கே துப்பாக்கி விற்கிற கட்டாயம்! அவர்களுக்கு மிளகு வேண்டியிருந்தது.

சரி, பணம்? மிளகு வியாபாரம் முழுவதையும் ராஜா சர்க்காரின் ஏகபோகமாக்கிவிட்டார். தளவாய் ராமய்யன் கணக்கில் புலி. 1739 இல் நிலம் அளந்து வரி திட்டம் செய்யப்பட்டது. இது முன்போல் பிரபுவின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அழைத்தபோது வருகிற படையல்ல. வருஷம் முழுவதும் சோறும் சம்பளமும் கேட்கிற படை. சோற்றுக்கு நெல் எங்கிருந்து வரும்? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. என் சிறு வயதுக் கேள்விக்குப் பதில் இதுதான்: அந்தக் கோட்டைக்குள் இந்தக் கோட்டைகள் எத்தனையோ ஆயிரம் போயிருக்கின்றன. வடுகப்படை வருவது நின்றது; அதை மறைக்கக் கூடாது. அறுத்த நெல்லைப் பயமின்றிக் களத்தில் போட முடிந்தது. ஆனால் ‘முடியாது’ என்று சொன்ன நாட்டாரின் எதிரில் இப்போது வரிசையாகச் சுடத் தெரிந்த சேனை நின்றது. குடியானவன் எதைக் கொடுத்து எதை வாங்கினான் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே மூட்டையில் வந்தன.

டி லன்னாயின் சொந்த வாழ்க்கையிலும் இதே முடிச்சு இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகத்திலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை அவருக்குச் சிநேகிதர். கஷ்டகாலத்தில் ஆறுதல் தேடிய அவர், டி லன்னாயிடம் வேதக்கதை கேட்டு, 1745 இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749 இல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் ராஜாவின் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சேனைக்குச் சுடப் பழக்கியவர் யார்? கணவாயை அடைத்து ராஜ்யத்தையே காத்த மனிதரால் அந்தக் கணவாயின் ஓரத்தில் ஒரு சிநேகிதரைக் காக்க முடியவில்லை. 2022 மே மாதம் ரோமாபுரியில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் அளித்தார்கள். கதை எழுதுகிறவனாகிய எனக்கு, அந்தத் துப்பாக்கிச் சத்தம் உதயகிரிக்கு எட்டிய அன்று இரவு வலிய கப்பித்தான் எப்படி உண்டார், எப்படி உறங்கினார் என்பதில்தான் மனம் போய் நிற்கிறது.

மார்த்தாண்ட வர்மர் 1758 இல் காலமானார். அடுத்து வந்த ராஜாவின் காலத்தில் பயம் வேறு திசையிலிருந்து வந்தது, மைசூர். டி லன்னாய் வடக்கே கொச்சி ராஜ்யத்தின் வழியாகக் கடற்கரையிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்கு மண் அரணும் அகழியும் எடுத்தார். நெடுங்கோட்டை என்று பெயர். 1777 ஜூன் முதல் தேதி உதயகிரியில் இறந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. களக்காட்டுச் சண்டையில் இளமையிலேயே மாண்ட மகனின் கல்லும் அங்கே உண்டு.

அரண் நின்றது. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் அதன்மேல் மோதி முதுகு காட்டித் திரும்ப வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு வருஷம் முன்புதான் ராஜா இங்கிலீஷ் கம்பெனியிடம் இரண்டு பட்டாளம் கேட்டுத் தம் செலவில் வைத்திருந்தார். அந்த இரவில் அவை சண்டையில் கலந்துகொள்ளவில்லை. மறுவருஷம் ஏப்ரலில் திப்பு அரணை உடைத்து ஆலுவா வரையில் வந்தான். கிழக்கே கம்பெனி அவனோடு பெரிய யுத்தம் தொடங்கவே திரும்பிப் போனான். திருவிதாங்கூர் பிழைத்தது. பிழைக்க வைத்தவர்கள் கணக்கு எழுதினார்கள்.

அந்தக் கணக்கு வளர்ந்த விதம் இருக்கிறதே, அதை எங்கள் ஊர் வட்டிக் கடைக்காரர்கள்கூடக் கற்றுக்கொள்ளலாம். 1795 உடன்படிக்கையில் கம்பெனியின் மூன்று பட்டாளத்துக்கு ராஜா நிரந்தரமாகச் செலவு கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. 1805 இல் அது இன்னும் ஏறி வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் ஆயிற்று. பாதுகாப்புக்குப் பணம் கொடுத்த பிறகு சொந்தச் சேனைக்குப் பணம் ஏது? தளவாய் வேலுத்தம்பி 1804 இல் நாயர் படையின் படியைக் குறைக்கப் போக, படை கலகம் செய்தது. கம்பெனியின் துணையோடு அதை அடக்கிய அதே வேலுத்தம்பி, பாக்கி கேட்டு நெருக்கிய ரெசிடெண்டின் மேல் நான்கு வருஷம் கழித்து வாளெடுத்தார். அவர் தலக்குளத்துக்காரர், உதயகிரி மதிலைப் பார்த்து வளர்ந்தவர் என்றே சொல்லலாம். 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் செய்து ஜனங்களை அழைத்தார்.

பிப்ரவரி 10 ஆம் தேதி கம்பெனிப் படை ஆரல்வாய்மொழியில் மலைப்பக்கமாக ஏறி அரணைப் பிடித்தது. சந்தா சாகிப் வந்த அதே வாசல். இப்போது உள்ளே வந்தவர்கள், காவலுக்கென்று வருஷா வருஷம் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள். பத்து நாளைக்குள் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் கைமாறின. மார்ச்சு மாதம் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். ராஜாவின் சேனை கலைக்கப்பட்டது. சில நூறு பேர் மாத்திரம் மிஞ்சினார்கள். 8 லட்சமோ, கம்பெனி போய்ச் சக்கரவர்த்தி வந்த பிறகும், இருபதாம் நூற்றாண்டு வரையிலும் வருஷந்தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் உதயகிரிக்குப் போனேன். வனத்துறையார் அதைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மான் பார்க்க வருகிறார்கள். கூரையில்லாத கோயிலுக்குள் வலிய கப்பித்தானின் கல்லறை. வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவர், “கெட்டினவன் நம்ம ஆளு இல்ல பிள்ளே, கப்பல்ல வந்தவன்” என்றார். “கல்லு சுமந்ததெல்லாம் நம்ம ஆளு.”

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டை அளக்க வந்த கம்பெனி அதிகாரிகள் இங்கே வார்த்த ஒரு பீரங்கியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 16 அடி நீளம். அதை வெளியே கொண்டுபோக ஆயிரக்கணக்கான ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் சில கஜம்கூட நகரவில்லையாம். கிழவரிடம் இதைச் சொன்னேன். ஒரு பொட்டலம் கடலையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, “அந்த ஆனைக்கெல்லாம் தீனி போட்டது ஆரு?” என்று கேட்டார்.