ஒலிபெருக்கிக்கு முந்தைய தொண்டை: சித்தூர் வட்டாரத்துக் குரல் உழைப்பு

வட ஆர்க்காடு, கடப்பை ஆகியவற்றின் பகுதிகளை இணைத்து 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. சுற்றுப்புற இரைச்சல் மிகும்போது பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார் என்று பாரிசில் எத்தியன் லொம்பார் என்னும் தொண்டை மருத்துவர் எழுதியதும் அதே ஆண்டில்தான். இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் லொம்பாரின் விதி இரவு முழுதும் செயல்பட்ட களங்கள் இம்மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில் திடல்கள்.

இங்குப் பாரத விழா பல நாள் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. ஊருக்கேற்பத் தமிழிலோ தெலுங்கிலோ அது அமையும். முகவீணையின் உச்சச் சுருதிக்கு ஈடாகப் பாடவேண்டும். மத்தளத்தையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி வசனம் பேசவேண்டும். தலையில் கனத்த முடியுடன் சுழன்றாடவும் வேண்டும். பெண்வேடம் பூண்ட ஆடவருக்குச் சுமை இன்னும் அதிகம். குரல்நாண்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மோதிக்கொள்பவை. ஓயாத மோதலால் அவற்றின் முன்பகுதியில் வீக்கமும், நாளடைவில் முடிச்சும் தோன்றும். முதல் மருந்து ஓய்வு. விழாக் காலத்தில் அரிதாகக் கிடைப்பதும் அதுவே.

சபா மேடையும் இதற்கு விலக்கன்று. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் (மறைவு 1934) கச்சேரிகள் பல தாளக் கருவிகள் சூழ்ந்த ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள். அவருடைய மாணவரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பின்னர்த் திருப்பதி இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். இம்மரபின் லய வன்மையைப் போற்றும் எழுத்துகள் பல. அத்தனை கருவிகளுக்கு நடுவே பாடிய தொண்டை என்ன விலை கொடுத்தது என்னும் கேள்வி அவற்றில் எழுவதே அரிது. குரலை வரம் என்று கொண்டாடும் வழக்கம் அது உழைப்பு என்பதை மறைத்துவிடுகிறது.

சித்தூர் நாடக மேடையில் வளர்ந்த நாகையா, 1946-இல் ‘தியாகய்யா’ படத்தில் பாடியது ஒலிவாங்கியின் முன். அவருடைய மென்மையான பாடுமுறைக்குத் திறந்தவெளி இடம் தந்திருக்காது.

பிற்பாடு கூத்துத் திடலுக்கும் ஒலிபெருக்கி வந்தது. தொண்டைக்கு விடுதலை கிடைத்ததெனத் தோன்றலாம். ஆனால் கருவிகளின் ஒலியும் உடன் பெருகியது. குழாய்கள் கூட்டத்தை நோக்கித் திரும்பியிருக்க, தம் குரல் தமக்கே கேளாத நடிகர் லொம்பார் சொன்னபடியே மேலும் உரக்கப் பாடுகிறார்.