ஹேஷ் சம் மிஸ்மட்ச்: ஒரு பிழைச்செய்தியின் கதை

டெபியனோ உபுண்டுவோ பாவிக்கிற ஆக்கள் ஒரு நாளாவது இந்த வரியைக் கண்டிருப்பீர்கள். 'ஆப்ட் அப்டேட்' எண்டு கொமாண்ட் குடுக்கிறீங்கள், வரிசையாக எல்லாம் இறங்குது, கடைசியில் 'ஹேஷ் சம் மிஸ்மட்ச்' எண்டு வந்து நிற்குது. திரும்ப அடிச்சாலும் அதே வரிதான். பிரவுசர் திறக்குது, யூரியூப் ஓடுது, ஆப்ட் மட்டும் அடம்பிடிக்குது. அலுவலகத்திலோ கம்பஸ் லாபிலோ ஒரு கேஷ் புரொக்ஸிக்குப் பின்னால் இருக்கிறீர்கள் எண்டால் இது இன்னும் அடிக்கடி நடக்கும்.

இதை ஒரு தொழில்நுட்பத் தலையிடியாக மட்டும் பார்த்துக் கடந்துபோகலாம். ஆனால் இந்த மூன்று சொற்களுக்குள் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. மெதுவான இணைப்பு, விலை கூடிய டேட்டா, முகம் தெரியாதவர்களிடம் வாங்குகிற மென்பொருளை எப்படி நம்புவது என்ற கேள்வி, மூன்றும் சேர்ந்த கதை.

இயன் மர்டொக் 1993 ஓகஸ்ட் மாதம் டெபியனை அறிவித்தார். தன் பெயரையும் அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. திட்டத்திடம் காசு இல்லை. ஆகவே பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் தங்கள் சேர்வர்களில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டன. அவைதான் மிரர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டோடு ஒரு மிரர் முகவரி என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. இலங்கையில் உபுண்டு போட்டவர்கள் களஞ்சியப் பட்டியலைத் திறந்து பார்த்தால் முகவரியின் தொடக்கத்தில் 'எல்கே' என்று நிற்பதும் அதே வழக்கம்தான்.

ஆப்ட் வந்தது 1999 மார்ச்சில், டெபியன் 2.1 உடன். அதற்கு முன் டிபிகேஜி மட்டும்தான். ஒரு பக்கேஜை இன்ஸ்ரோல் பண்ணப் போனால் 'இன்னொன்று வேணும்' என்று சொல்லும், அதைத் தேடிப்போனால் அது வேறொன்றைக் கேட்கும். ஆப்ட் அந்தத் தேடலைத் தானே செய்தது. தேவையானதெல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, நெற்வேர்க்கில் இருந்து எடுத்து, ஒழுங்காகப் போட்டது. இன்று தொலைபேசியில் அப் ஸ்ரோர் பாவிக்கிறவர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. அந்தக் காலத்தில் அது மந்திரம்.

மந்திரத்துக்கு விலை இருந்தது: இணைப்பு. 2005 இல் வந்த டெபியன் 3.1 மொத்தம் 14 சீடிகள். டயல்-அப் இணைப்பில் அதில் ஒரு சீடியை இறக்குவதே நாள்கணக்கு வேலை. உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் 2005 இலிருந்து 2011 வரை 'ஷிப்இற்' என்ற பெயரில் உலகம் முழுக்க இலவசமாக சீடி அனுப்பியது சும்மா தாராளத்தில் இல்லை. தபால், இணையத்தை விட வேகமாக இருந்த இடங்கள் கனக்க இருந்தன.

ஒரு லாபில் இருபது கணினிகள் இருக்கிறதென்று வையுங்கள். இருபதும் ஒரே லிப்ரே ஒஃபிஸ் அப்டேட்டை, ஒரே மெல்லிய இணைப்பால், இருபது தரம் இறக்கும். ஒருதரம் இறக்கி ஒரு இடத்தில் வைத்துவிட்டு மற்றவர்களுக்கு அங்கிருந்து கொடுத்தால் என்ன? கேஷ் புரொக்ஸியின் முழு யோசனையும் இவ்வளவுதான். பொதுவான இணையத்துக்கு இந்த வேலையைச் செய்ய 1996 இலேயே ஸ்குவிட் வந்துவிட்டது. ஆனால் ஸ்குவிட்டுக்கு பக்கேஜ் என்றால் என்னவென்று தெரியாது. இயல்பான அமைப்பில் 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அது சேமிக்கவும் மாட்டாது. அதனால் டெபியன் உலகத்துக்குள்ளேயே தனியான கருவிகள் பிறந்தன: ஆப்ட்-புரொக்ஸி, ஆப்ட்-கேஷர், அப்ரொக்ஸ், பிறகு எட்வார்ட் புளோக் எழுதிய ஆப்ட்-கேஷர்-என்ஜி. கடைசியாகச் சொன்னதுதான் இன்றும் பரவலாகப் பாவனையில் இருப்பது. அது காது கொடுத்துக் கேட்கும் போர்ட் இலக்கம் 3142. கணிதம் படித்தவர்களுக்கு 'பை' ஞாபகம் வரும்.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு களஞ்சியத்தில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. ஒன்று பக்கேஜ்கள். அவற்றின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், உள்ளடக்கம் ஒருபோதும் மாறாது. மாறினால் பெயரும் மாறிவிடும். இதைக் கேஷில் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் பிரச்சினை இல்லை. மற்றது அட்டவணைகள். 'பக்கேஜஸ்' என்ற கோப்பில் களஞ்சியத்தில் உள்ள எல்லாவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றின் அளவும், ஹேஷும் இருக்கும். 'ரிலீஸ்' என்ற கோப்பில் அந்தப் பட்டியல்களின் ஹேஷ் இருக்கும், அதன்மேல் டெபியனின் டிஜிற்றல் கையொப்பம் இருக்கும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும்.

இந்த அட்டவணைகள் அடிக்கடி மாறும். டெபியனின் மையக் களஞ்சியம் நாளுக்கு நான்கு தரம் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் பெயர் மாறாது! நேற்றும் 'பக்கேஜஸ்', இன்றும் 'பக்கேஜஸ்'.

நடுவில் இருக்கிற கேஷ் இங்கேதான் தடுமாறுகிறது. இன்றைய பத்திரிகையின் முன்பக்கத்தையும் நேற்றைய பத்திரிகையின் உள்பக்கங்களையும் சேர்த்துக் கட்டி ஒருவர் உங்களுக்கு விற்றால் எப்படி இருக்கும்? முன்பக்கத்தில் '5ஆம் பக்கம் பார்க்க' என்று இருக்கும், 5ஆம் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்காது. அதேதான். கேஷ் புதிய ரிலீஸ் கோப்பையும் பழைய பக்கேஜஸ் கோப்பையும் சேர்த்துக் கொடுக்கும். ஆப்ட் கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்து 'பொருந்தவில்லை' என்று மறுத்துவிடும். நீங்கள் மிரரில் இருந்து நேரடியாக எடுத்தாலும், அந்த மிரர் புதுப்பித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் போய் விழுந்தால் இதே கதைதான்.

கையொப்பம் பார்க்கும் முறை 2007 இல் வந்த டெபியன் 4.0 உடன்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம், பெரும்பாலானவர்கள் இந்தப் பிழைக்குச் செய்த ஒரே வைத்தியம் 'கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அடிச்சுப் பார்' என்பதுதான். உண்மையான மருந்து 2016 இல் உபுண்டு 16.04 வந்த காலத்தில் பரவலானது. மிக எளிமையான யோசனை: அட்டவணைக் கோப்பை அதன் ஹேஷையே பெயராக வைத்தும் சேமிப்பது. 'பை-ஹேஷ்' என்பது அந்த அடைவின் பெயர். ரிலீஸ் கோப்பைப் பார்த்து, 'இந்தக் கைரேகை உள்ள கோப்பைத் தா' என்று ஆப்ட் கேட்கும். பழையதும் புதியதும் வேறு வேறு பெயரில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. மாறாத பக்கேஜ்களுக்கு இருந்த நற்குணத்தை மாறும் அட்டவணைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு பிந்தி வந்தது ஏன் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்படியென்றால் இன்றும் ஏன் அந்த வரி வருகிறது? காரணங்கள் பல. பை-ஹேஷ் இல்லாத மூன்றாம் தரப்புக் களஞ்சியங்கள் ஏராளம். கேஷ் சேர்வரின் டிஸ்க் நிரம்பி, பாதியில் நின்ற கோப்பு முழுக்கோப்பு மாதிரிக் கிடக்கலாம். ஆப்ட் பதிலுக்குக் காத்திராமல் பல கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும். சில பழைய புரொக்ஸிகள் அந்தப் பதில்களை மாறிக் கொடுத்துவிடும். ஹொட்டேல் வைஃபை மாதிரி இடத்தில் லொகின் பக்கத்தையே அட்டவணை என்று கொடுத்துவிடும். அப்போது வருகிற செய்தியில் 'நோடேட்டா' என்றும், 'இந்த நெற்வேர்க் லொகின் கேட்கிறதா?' என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கும். ஆப்டின் செய்திகளில் மனிசத்தனமானது அது ஒன்றுதான்.

முதலில் செய்யவேண்டியது, பிழை எந்தப் பக்கம் என்று பிரித்தறிவது. புரொக்ஸி வரியை ஆப்டின் அமைப்பில் இருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டு நேரடியாக அப்டேட் பண்ணிப் பாருங்கள். சரிவந்தால் குற்றவாளி கேஷ். உங்கள் கணினியில் ஆப்ட் சேமித்து வைத்திருக்கிற பட்டியல்களை அழித்துவிட்டுத் திரும்ப எடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கேஷ் சேர்வரில் டிஸ்கில் இடம் இருக்கிறதா பாருங்கள், பிறகு அங்குள்ள பழைய அட்டவணைகளை நீக்குங்கள். ஆப்ட்-கேஷர்-என்ஜிக்கு பிரவுசரில் திறக்கும் ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு, சேமித்ததைச் சரிபார்க்கவும் பழுதானதை நீக்கவும் அதில் வசதி இருக்கிறது. ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய லாப் கணினிகளில் மதர்போர்ட் பற்றரி செத்திருக்கும்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. 'சரிபார்க்காமல் போடு' என்று ஆப்டுக்குச் சொல்லும் வழிகளை இணையத்தில் கன பேர் தாராளமாகப் பரிந்துரைக்கிறார்கள். 2008 இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் கப்போஸும் மற்றவர்களும் ஒரு கற்பனை நிறுவனத்தின் பெயரில் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் அதிகாரபூர்வ மிரர் பட்டியலில் அதைச் சேர்த்துக் காட்டினார்கள். யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. கையொப்பம் சரியாகவே உள்ள பழைய அட்டவணையைத் தொடர்ந்து கொடுத்து, ஓட்டையுள்ள பழைய மென்பொருளிலேயே ஒருவரை வைத்திருக்க முடியும் என்பதையும் சொன்னார்கள். ரிலீஸ் கோப்பில் காலாவதித் திகதி போடுவது இந்த வகைத் தாக்குதலைத் தடுக்கத்தான்.

2019 ஜனவரியில் மக்ஸ் ஜஸ்ரிக்ஸ் கண்டுபிடித்த ஓட்டை இதைவிட மோசம். நடுவில் இருக்கும் ஒருவர், 'வேறு முகவரிக்குப் போ' என்று திருப்பிவிடும் பதிலுக்குள் சில வரிகளை ஒளித்து அனுப்பினால், ஆப்ட் பொய்யான ஹேஷையே உண்மை என்று நம்பிவிடும். அதைத் திருத்தும் அப்டேட்டையும் அதே ஆப்டால்தான் இறக்கவேண்டும்! அதனால் திருப்பிவிடுதலை நிறுத்திவைத்துவிட்டு அப்டேட் பண்ணுங்கள் என்று டெபியன் அறிவித்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'ஏன் இன்னும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஆக்கினால் என்ன?' என்ற குரல் பலமானது. நியாயமான கேள்வி. நீங்கள் எதை இறக்குகிறீர்கள் என்று நடுவில் உள்ளவர் பார்ப்பதையும் அது பெருமளவு தடுக்கும். ஆனால் எச்டிடிபிஎஸ் என்றால் நடுவில் இருக்கிற கேஷுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, தெரியாததைச் சேமிக்கவும் முடியாது. டெபியன் 2017 நவம்பரில் தன் பொது எஃப்டிபி சேவையை மூடியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அதில் கேஷ் வசதி இல்லை என்பது. கேஷ் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். வேகமான ஃபைபர் உள்ளவர்களுக்கு எச்டிடிபிஎஸ்ஸால் ஒரு நட்டமும் இல்லை. இருபது கணினிக்கு ஒரு டொங்கிள் வைத்திருக்கிற லாபுக்கு அது பில்லில் தெரியும். கையொப்பச் சரிபார்ப்பு ஒழுங்காக இருக்கும்வரை, அந்த லாப் எச்டிடிபியோடு கேஷ் வைத்திருப்பதில் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது மூன்றாம் தரப்புக் களஞ்சியங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸில்தான். ஆப்ட்-கேஷர்-என்ஜிக்குப் பின்னால் இருந்து அவற்றைத் தொட்டால் 403 என்ற எண்ணோடு, 'கனெக்ட் மறுக்கப்பட்டது, நிர்வாகியைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதற்கு இரண்டு வழி உண்டு. அமைப்புக் கோப்பில் அந்த முகவரியைச் சேமிக்காமல் அப்படியே கடந்துபோக விடலாம். அல்லது களஞ்சியப் பட்டியலில் முகவரியை எச்டிடிபி என்று தொடங்கி, அதற்குப் பின் பெரிய எழுத்தில் எச்டிடிபிஎஸ் என்ற சொல்லையும் மூன்று சாய்கோட்டையும் போட்டு எழுதலாம். அப்போது வெளியே பாதுகாப்பான இணைப்பைப் புரொக்ஸியே எடுத்துக்கொள்ளும், லாபுக்குள் சாதாரண எச்டிடிபி ஓடும், கோப்பும் கேஷில் சேரும்.