வானத்திலிருந்து இறங்கும் பெட்டிகள்



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தொடங்கியது. பதினைந்து வயதான என் மகள் ஒரு நாள் பாடசாலையிலிருந்து ஒரு கடதாசியோடு வந்தாள். "அப்பா, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றாள். வாசித்துப் பார்த்தேன். அவளும் அவளோடு படிக்கும் எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பலூனை முப்பது கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அதில் கட்டிய பெட்டி விழும் இடத்தைத் தேடிப் போகும் வாகனத்தில் பெற்றோர் ஒருவரும் போக வேண்டுமாம். நாம் ஏறி வந்த பயணிகள் விமானங்கள் பறப்பது பத்து, பதினொரு கிலோமீற்றர் உயரத்தில். இவர்களுடைய பெட்டி அதைப்போல மூன்று மடங்கு உயரத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

கையெழுத்து வைத்தேன். அதன் பிறகு இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளோடு நானும் இருக்கிறேன். வாயுவை நிரப்பிக் கையை விடுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். முழுவதும் கணக்கு என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு கன மீற்றர் ஈலியம் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்கும். பலூனின் இறப்பர் மட்டும் 1,200 கிராம். கமெரா, வெப்பநிலை அளக்கும் கருவி, ஜீபீஎஸ், சிறிய வானொலி அனுப்பி, பற்றறிகள், இவற்றை வைத்த ரெஜிபோம் பெட்டி, பரசூட் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. இந்த எடைக்கு மட்டும் அளவாக வாயு நிரப்பினால் பலூன் ஏறாமல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் ஏற வேண்டுமென்றால் இன்னும் ஒரு கன மீற்றருக்கு மேல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் விரைவாக ஏறும், ஆனால் போக வேண்டிய உயரத்துக்குப் போகமுன்னரே வெடித்துவிடும். புறப்படும்போது இரண்டு மீற்றர் விட்டமுள்ள பலூன், காற்றழுத்தம் நிலத்தில் உள்ளதன் நூறில் ஒரு பங்காகக் குறையும் இடத்தில் எட்டு மீற்றருக்கு மேல் விரிந்து கிழியும். அதன் பிறகு பெட்டியைக் கொண்டுவருவது பரசூட்டின் வேலை.

போகும் வழியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50, 60 பாகை வரை இறங்கும். சாதாரணப் பற்றறி அதைத் தாங்காது, லிதியம் பற்றறி வேண்டும். கடையில் வாங்கும் ஜீபீஎஸ் கருவிகள் பல 18 கிலோமீற்றருக்கு மேல் நின்றுபோகும். ஏவுகணைகளில் அவற்றைப் பொருத்திவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே அதையும் பார்த்து வாங்க வேண்டும். விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் பல கிழமைகளுக்கு முன்னரே அனுமதி கேட்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் காற்று விடவேண்டும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் இங்கிலாந்திலிருந்து விட்ட பெட்டி வட கடலில்தான் போய் விழும். எங்கள் முதலாவது திகதி அப்படித்தான் தள்ளிப்போனது.

கடைசியாக மிஞ்சியது ஒரு சின்ன வேலை. பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டும் துண்டில் என்ன எழுதுவது? மற்றப் பிள்ளைகள் அந்த வேலையை என் மகளிடம் விட்டுவிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கோ அதுதான் பெரிய விடயமாகப் பட்டது. அன்றிரவு பலூன்களின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1783 ஆகஸ்ட் 27 ஆம் திகதி, பாரிஸ் நகரில் ஜாக் சார்ள்ஸ் என்ற அறிஞர், றொபேர் சகோதரர்களின் உதவியோடு, ஐதரசன் நிரப்பிய முதலாவது பலூனைப் பறக்கவிட்டார். இரும்புத் துண்டுகளின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி அந்த வாயுவைத் தயாரித்தார்கள். ஆள் எவரும் ஏறாத, ஏறக்குறைய நான்கு மீற்றர் விட்டமுள்ள பலூன் அது. பெருங்கூட்டம் கூடிநின்று பார்த்தது. முக்கால் மணி நேரம் பறந்து, இருபது கிலோமீற்றருக்கு அப்பால் கொனேஸ் என்ற கிராமத்தில் அது இறங்கியது. அந்தக் கிராமத்தவருக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. வானத்திலிருந்து விழுந்து, உருண்டு, மூச்சு விடுவதுபோல அசைந்த அந்தப் பொருளைக் கண்டு பயந்தவர்கள், வைக்கோல் அள்ளும் முட்கம்புகளால் குத்திக் கிழித்தார்கள். பின்னர்தான் அரசு ஓர் அறிவித்தல் வெளியிட்டது. வானத்தில் இப்படியான உருண்டையைக் கண்டால் அஞ்ச வேண்டாம், அது துணியால் செய்த பொருள், தீங்கு செய்யாது என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கதையைச் சொல்லி அந்தக் கிராமத்தவரைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாரிஸில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. 1890களில் பிரான்சில் ஆளில்லாப் பலூன்களில் தானாகப் பதியும் கருவிகளை வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் புகைக்கரி பூசிய தாள். அதன்மேல் ஒரு முள் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கோடாகக் கீறிக்கொண்டு போகும். பலூனிலிருந்து செய்தி அனுப்ப வானொலி இல்லாத காலம். கருவி திரும்பி வந்தால்தான் கணக்கு. ஆகவே கண்டெடுப்பவர் என்ன செய்யவேண்டும், எங்கே திருப்பி அனுப்பவேண்டும் என்று எழுதிய கடிதம் ஒன்றையும் அதோடு வைத்தார்கள்.

பாரிசுக்கு அருகே ட்ராப் என்ற இடத்தில் லியோன் தெசரோங் த போர் என்பவர் இப்படி 236 பலூன்களை அனுப்பினார். மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். இவருடைய கோடுகளோ பதினொரு கிலோமீற்றர் அளவில் குளிர் கூடுவது நின்றுவிடுகிறது என்று காட்டின. வெயில் பட்டுக் கருவி சூடானதால் வந்த பிழையோ என்று சந்தேகித்து, இரவிலும் பலூன்களை விட்டுப் பார்த்தார். அதே முடிவுதான் கிடைத்தது. 1902 ஏப்ரல் 28 அன்று பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு அதை அறிவித்தார். நமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் படைமண்டலம் கண்டறியப்பட்டது இப்படித்தான். மூன்று நாட்களின் பின் ஜேர்மனியில் றிச்சார்ட் அஸ்மானும் அதே முடிவை அறிவித்தார். விரிந்து வெடிக்கும் இறப்பர் பலூனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் பிள்ளைகளின் பலூன் அதன் பேரப்பிள்ளை.

நேயர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த 236 கோடுகளையும் ட்ராப்புக்குத் திருப்பி அனுப்பியவர்கள் யார்? வயலில் வேலை செய்தவர்கள், கொனேஸ் கிராமத்தவரின் பேரப்பிள்ளைகளின் வயதுக்காரர். முட்கம்பு எடுத்த கை, நூறு ஆண்டுகளில், கருவியைப் பத்திரமாகப் பொதி செய்து அனுப்பும் கையாக மாறியிருந்தது. அதற்குக் காரணங்கள் பல. அந்தக் கடிதமும் அவற்றில் ஒன்று.

1929 இல் அதே ட்ராப்பிலிருந்து றொபேர் பியூரோ என்பவர், அளவுகளைப் பறக்கும்போதே வானொலி மூலம் அனுப்பும் கருவியைப் பறக்கவிட்டார். அதன் பிறகு பெட்டி திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றானது.

கடிதம் இல்லாத பலூன்களின் கதையும் ஒன்று உண்டு. 1920களில் ஜப்பானில் வசபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர், பலூன்களை விட்டு, மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் கடுங்காற்றைக் கண்டறிந்தார். உலகம் வாசிக்கட்டும் என்று எஸ்பெராந்தோ மொழியில் அதை எழுதியும் வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் காற்றையே நம்பி, 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை, ஏறக்குறைய 9,300 பலூன்களில் குண்டுகளைக் கட்டி அமெரிக்காவை நோக்கி அனுப்பினார்கள். பத்து மீற்றர் விட்டமுள்ள கடதாசிப் பலூன்கள். கிழங்குப் பசை தடவி அந்தக் கடதாசிகளை ஒட்டியவர்களில் பலர் பாடசாலைச் சிறுமிகள், என் மகளின் வயதுப் பிள்ளைகள்.

பலூன்கள் வந்து சேர்வது ஜப்பானுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, அவற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று அமெரிக்க அரசு பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. அதனால் ஊர் மக்களுக்கும் தெரியவில்லை. 1945 மே 5 அன்று, ஒரிகன் மாநிலத்தில் பிளை என்ற சிற்றூருக்கு அருகே, காட்டுக்குள் உலாப் போன இடத்தில் நிலத்தில் கிடந்த ஒரு பலூனை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கண்டார்கள். குண்டு வெடித்தது. ஐந்து பிள்ளைகளும், கூட்டிப்போன போதகரின் கர்ப்பிணி மனைவியும் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 11 முதல் 14 வரை. அதற்குப் பிறகுதான் மக்களுக்கு எச்சரிக்கை வந்தது. 1987 இல், சிறுமிகளாக இருந்தபோது கடதாசி ஒட்டிய ஜப்பானியப் பெண்கள் சிலர், ஆயிரம் கடதாசிக் கொக்குகளை மடித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள்.

அதே 1987 இல் எனக்குப் பதினொரு வயது. மே 26 அன்று வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுவது எங்களுக்குப் பழகிப்போன காலம். யூன் 4 ஆம் திகதி பிற்பகல், வழமையாக வருவதைவிடப் பெரிய விமானங்கள் வந்தன. வெளியே எட்டிப் பார்த்தபோது, பரசூட்டுகளில் பொதிகள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்தியாவின் அன்ரனோவ் விமானங்கள் ஐந்து, மிராஜ் போர் விமானங்களின் துணையோடு வந்து, 25 தொன் அளவான நிவாரணப் பொருட்களைப் போட்டன என்று பின்னர் அறிந்தோம். அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் அது எவருக்கும் தெரியாது. அம்மம்மா என் கையைப் பிடித்த பிடியை விடவேயில்லை. "கிட்டப் போகாத, என்னெண்டு தெரியாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உணவுதான் என்று பெரியவர்கள் பார்த்து வந்து சொன்ன பிறகும், நெடுநேரம் அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

இப்போது குசினி மேசைக்குத் திரும்புகிறேன். மகள் எழுதிய துண்டில் முதல் வரியாகப் பாடசாலையின் பெயரும், அடுத்ததாக "விஞ்ஞானப் பரிசோதனை" என்றும் இருந்தன. "முதல் வரியில, பயப்பட வேண்டாம் எண்டு எழுது, பிள்ளை" என்றேன்.

"இங்க ஆரப்பா ஒரு பெட்டிக்குப் பயப்படப் போகினம்?" என்று கேட்டாள்.

கொனேஸ் கதையைச் சொன்னேன், சிரித்தாள். பிளை ஊரின் கதையைச் சொன்னேன், சிரிப்பு நின்றது. அம்மம்மாவின் கதையை அவளுக்கு அன்றுவரை நான் சொன்னதேயில்லை. நிலத்தில் கிடக்கும் தெரியாத பொருளைத் தொடாதே என்று பாடசாலையில் சொல்லிக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் மட்டும் இல்லை, இந்த நாட்டின் தோட்டங்களில் வேலைக்கு வரும் பல நாட்டு மனிதரிலும் அப்படி வளர்ந்தவர்கள் இருப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "பயப்பட வேண்டாம், இது தீங்கு செய்யாது" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். அதன் கீழே, பாடசாலைப் பிள்ளைகள் வானத்தைப் படம் எடுக்கச் செய்த பெட்டி என்று. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒட்டினால் அந்தப் பக்கம் மண்ணில் கவிழ்ந்து கிடக்கலாம் என்று யோசித்து, ஆறு பக்கத்துக்கும் ஆறு துண்டு எழுதினாள்.

கடைசி வரி தொலைபேசி இலக்கம். அனுப்பி பழுதானால் அந்தக் கமெராவைத் திரும்பக் கொண்டுவரக்கூடியவர் கண்டெடுப்பவர் ஒருவர்தான். பாடசாலை இலக்கத்தை எழுதப் போனாள். சனி, ஞாயிறில் அங்கே எவரும் எடுக்கமாட்டார்கள்.

"எங்கட இலக்கத்தைப் போடு" என்றேன்.

புதிய திகதிக்குக் காற்று எப்படி என்று இன்னும் தெரியவில்லை. நான் தேடும் வாகனத்தில் போகிறேன். மனைவி அன்று வேலைக்கு விடுப்பு எடுத்து, ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறார். கிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் நேயர்களே, வயலிலோ வேலியிலோ கிழிந்த இறப்பரும் சிறு பெட்டியும் கண்டால், முதலில் தள்ளி நின்று துண்டை வாசியுங்கள். துண்டு இல்லாவிட்டால் தொடாமல் பொலிசாருக்குச் சொல்லுங்கள். துண்டு இருந்தால் அந்த இலக்கத்துக்கு எடுங்கள். மறுபக்கத்தில் ஒரு வீடு காத்திருக்கும்.